ஆட்டிடம் கேட்ட மன்னிப்பு

ஐம்பதுகளில் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். ஒருநாள் காலை ரேஷன் கார்டைக் காணவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினா அம்மாவின் ஆடு என் வாசலில் எதையோ மென்றுகொண்டிருந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பிடித்து, வெயிலில், தண்ணீர்கூட வைக்காமல் கட்டிப்போட்டேன்.

மதியம் பிலோமினா அம்மா தேடி வந்தார். ஆடு ரேஷன் கார்டைத் தின்றுவிட்டது என்றேன். "பாய், அது தின்னதைப் பார்த்தீங்களா?"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே" என்றேன்.

அப்போது என் மனைவி கார்டுடன் வெளியே வந்தாள். "அரிசி டின்னுக்குள்ள நீங்கதாங்க வெச்சிருக்கீங்க."

தெருவே சிரித்தது. பிலோமினா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னையா கட்டிவெச்சீங்க? யாருக்கு அநியாயம் செஞ்சோமோ அவங்ககிட்டதான் மன்னிப்புக் கேக்கணும்னு உங்க மார்க்கம் சொல்லுதாமே?"

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்மா பயான் பேச்சைக் கேட்டுவந்து அதைத் தெருவுக்கே சொன்னவன் நான்தான். வேறு வழியில்லை. கட்டை அவிழ்த்து, வாளியில் தண்ணீர் வைத்து, "தப்பு என்மேலதான், மன்னிச்சுக்கோ" என்றேன். குடித்து முடிக்கும்வரை ஆடு என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மனம் கனத்தது. அந்த வாயில்லா ஜீவன் அல்லாஹ்விடம் முறையிட்டிருந்தால் நடுவில் திரை ஏதும் இருந்திருக்காது; அநியாயத்துக்கு ஆளானவரின் முறையீடு அவனை நேராகச் சேரும் என்பார்கள். அநியாயக்காரன் என்றால் அதுவரை அரசர்களைத்தான் நினைத்திருந்தேன். அப்படி ஆவதற்கு ஒரு முழக் கயிறே போதும் என்று அன்றுதான் தெரிந்தது.