ஆவுடைத்தாய் கேட்காத கேள்வி

மலையாளச் சீமையின் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண் ஆவுடைத்தாய். பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து வருஷங்களாகியும் ஒரு மாநாட்டுக்கும் அவளை அனுப்பவில்லை. 2004இல், நேற்று வந்த இளைய மாணவன் ஹரிகுமாரை, இருவருக்கும் வழிகாட்டியான சுசீலாபாய் மும்பை மாநாட்டில் பேசத் தேர்ந்தெடுத்ததும் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இத்தனைக்கும் அவன் பேசப்போகும் விஷயம் அவளுடையது. சார்ம் குவார்க் என்ற நுண்துகளும் அதன் எதிர்க்குவார்க்கும் கட்டுண்டு கிடக்கும் துகளுக்கு ஜே/சை என்று பெயர். தங்க அணுக்கருக்கள் இரண்டு மோதினால், அங்கே உண்டாகும் கொதிகுழம்பில் அது உடையும் என்பார்கள். ஆனால் தங்கத்தின்மேல் சின்னஞ்சிறு டியூட்ரான் மோதும்போதும் அதன் எண்ணிக்கை குறைகிறதே? குழம்பே இல்லாத இடத்தில் வெறும் அணுக்கருவே அதை உடைக்கிறது என்று துறையில் முதலில் பேசியவள் அவள்தான்.

வெளியூரில் பேசப் போகிறவர் முதலில் துறையில் பேசிக்காட்டுவது அங்கே வழக்கம். மற்றவர்கள் பருப்புவடையைத் தின்றுகொண்டே கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பார்கள். வெளியே மானம் போகாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஹரிகுமார் பேசும்போதே ஆவுடைத்தாய் பிழையைப் பிடித்துவிட்டாள். எல்லா ஜே/சையும் நேராகப் பிறப்பதில்லை. ஒரு பங்கு, இன்னும் கனமான, தளர்வாகக் கட்டுண்ட துகள்கள் சிதைந்து வருவது. அந்தத் தளர்ந்தவை அணுக்கருவுக்குள் சீக்கிரம் உடைந்துபோகும். இவனோ எல்லாம் நேராகப் பிறந்தவை என்றே கணக்குப் போட்டிருந்தான். வேறு யாருக்கும் அது தட்டுப்படவில்லை.

"சேச்சி, ஒண்ணும் கேக்க இல்லையா?" என்று பேசி முடித்த ஹரிகுமார் அக்கா முறை வைத்து அவளிடம் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. அடிபொளி, பிரமாதம்," என்றாள். போய் நன்றாகப் படட்டும் என்றிருந்தது அவளுக்கு.

மும்பையிலிருந்து திரும்பியவன் முகம் செத்துப்போய் அவள் மேஜைக்கு வந்தான். "ஒரு கல்கத்தா புரொபசர் எந்திரிச்சு, கனத்த துகள விட்டுட்டீங்களேன்னு கேட்டாரு. ஹால் முழுக்கச் சிரிப்பு சேச்சி."

உள்ளே பாயசம் குடித்தது போலிருந்தது. "சாரமில்ல ஹரி, போனாப் போட்டும்," என்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள்.

"எனக்கு சாரமில்ல. ஆனா ஐடியா உங்களோடதுன்னு, ஸ்லைடுல உங்க பேர மேலயும் எம் பேரக் கீழயும் போட்டிருந்தேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. இப்ப எல்லாரும் ஆவுடைத்தாயோட தப்புன்னுல்லா சொல்றாங்க." அவன் கண் கலங்கியது. "நெசமா சேச்சி, அன்னைக்கு உங்களுக்கும் தெரியலையா?"

தெரியும் என்றால் துரோகி. தெரியாது என்றால் முட்டாள்.

"எனக்கும் தெரியாமப் போச்சே, ஹரி," என்றாள்.