சனிக்கிழமைப் பால்

வட லண்டனின் சிறு அருங்காட்சியகம் ஒன்றில், முக்காடிட்ட பெண்ணொருத்தி ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் படம் இருக்கிறது. கீழே எழுதியிருப்பது: ‘அனுட்டானம் தவறாத யூத விவசாயக் குடும்பமொன்றின் உறுப்பினர்.’ படத்தில் இருப்பவர் றஜீனா. மன்னாரில் பிறந்து வெம்பிளியில் குடியிருக்கும் கத்தோலிக்கர். முக்காடு மழைக்குப் போட்டது. அனுட்டானம் தவறாதவர் என்பது மட்டும் சரி.

எட்ஜ்வெயருக்கு அப்பால் நான்கு யூதக் குடும்பங்கள் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தன. வேதம் படிக்கிறவர்களுக்குத் தோட்டம் எதற்கு என்று உறவினர் சிரித்தார்கள். வேதத்தில் பாதி தோட்டம்தானே என்றார் அவர்களில் மூத்தவரான ஷ்முவேல். முதல் விதைப்பைப் புறாக்கள் தின்று தீர்த்தன. பிறகு ஆடுகள் வாங்கி, சீஸ் விற்றுப் பிழைத்தார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், வேலை கூடாது. ஆட்டின் மடிக்கு அது தெரியாது.

வேற்று மதத்தவர் கறக்கலாம். ஆனால் யூதர் ஒருவர் பார்த்திருந்தால்தான் அந்தப் பால் அவர்களுக்கு ஆகும். ஷ்முவேலோ சட்டத்தையும் மிஞ்சிய கண்டிப்புக்காரர். ஓய்வுநாளில் வாய்விட்டு வேலை ஏவமாட்டார். வார நாட்களில் அங்கே துப்புரவு வேலை செய்த றஜீனா, மறந்துபோன குடையை எடுக்க ஒரு சனிக்கிழமை போனார். சனிக்கிழமைகளில் கறக்க வருகிற ஆள் அன்று வந்திருக்கவில்லை.

“ஆடுகள் கத்துகின்றன,” என்றார் ஷ்முவேல்.

“ஓம், பாவங்கள்,” என்று இரங்கிவிட்டு றஜீனா நடந்தார். பஸ் தரிப்பில் நின்றபோதுதான் விளங்கியது. திரும்பிப் போய்க் கறந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமைகள் அவருடையவை. ஷ்முவேல் கைகட்டிப் பார்த்திருப்பார்.

மகள் அனோஜினியின் கலியாணமும் ஒரு சனிக்கிழமைதான் வந்தது. அன்றைக்குக் கறக்க றஜீனா ஒழுங்குசெய்திருந்த பதிலாள் விடியவே போன் எடுத்து, காய்ச்சல் என்றார். ஓய்வுநாளில் ஷ்முவேல் போனைத் தொடமாட்டார். கறக்காமல் விட்டால் மடி வீங்கி ஆடுகள் நோய்ப்படும்.

“இண்டைக்குமோ அம்மா? ஆட்டு மணத்தோட கோயிலுக்கு வந்தா மாமி என்ன நினைப்பா?”

“யேசுவே தொழுவத்திலதான் பிறந்தவர் எண்டு சொல்லு.”

கொட்டில் வாசலில் ஷ்முவேல் பட்டுச்சேலையைப் பார்த்தார். உள்ளே ஆடுகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

“இன்று ஆடுகள் அமைதியாகத்தான் இருக்கின்றன,” என்றார். “நீங்கள் போகலாம்.”

“ஓய்வுநாளில பொய் சொல்ல ஏலுமோ, ஐயா? தள்ளுங்கோ, வாளியை எடுக்க.”

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லா ஆடுகளையும் கறந்தார். கலியாணப் பூசை தொடங்கிய பிறகுதான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்.