தங்கை வரும் கடைசிக் காட்சி

வெள்ளவத்தையில் அம்மா ஐந்தாம் மாடி, அவருடைய தங்கை, எங்கள் சின்னம்மா, மூன்றாம் மாடி. ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட். வருடக்கணக்காகப் பேச்சு இல்லை.

அண்ணாவின் கல்யாணத்தில் ஆலாத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது. அம்மா சொந்தத் தங்கையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு டொக்டரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறினார். வீடியோவில் டொக்டர் குடும்பம் தெரிய வேண்டாமா? சின்னம்மா சாப்பிடாமலே மண்டபத்தை விட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து லிஃப்ட் கதவு திறந்து உள்ளே ஒருத்தி நின்றால், மற்றவளுக்கு வீட்டில் எதையோ மறந்து வந்தது ஞாபகம் வந்துவிடும்.

இதைவிட நல்ல கதை எனக்கு எங்கே கிடைக்கும்? பம்பலப்பிட்டியில் எங்கள் நாடகக் குழுவுக்கு இதையே எழுதிக் கொடுத்தேன். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று டொக்டரை மட்டும் எஞ்சினியர் ஆக்கினேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் தங்கை அக்காவின் வாசலுக்கு வருகிறாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பிழை யாருடையது என்றாலும் எங்கள் வீடுகளில் இளையவள்தான் வரவேண்டும். மூத்தவளைப் போகவைத்தால் சனம் எழும்பிப் போய்விடும்.

சின்னம்மாவைத் தவிரக் குடும்பமே பார்க்க வந்தது. கொட்டாஞ்சேனை மாமா இடைவேளையில் என் காதுக்குள், “எல்லாரையும் ஏவிக்கொண்டு திரியிற அந்த ஆள் உங்கட பெரியப்பாதானே? நல்லாய்க் கிழிச்சுப்போட்டாய்” என்றார். பெரியப்பா அதையே மாமாவைப் பற்றிச் சொன்னார். மேடையில் தன்னைக் கண்டவர் ஒருவர்கூட இல்லை. குடும்பத்தைப் பற்றி எழுதப் பயப்படுகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

அம்மாவும் அந்த ரகம்தான் என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும் வழியில் ஓட்டோ வீதி நெரிசலில் நின்றபோது கேட்டார்.

“கடைசியில அவள் வந்தாளே. நீ அவளோட கதைச்சனியோ, இல்லாட்டி நீயா எழுதினதோ?”

“நானா எழுதினது, அம்மா.”

“அவள் ஏன் வரப்போறாள்? அவளில என்ன பிழை?”

இத்தனை வருடத்தில் அம்மா வாயால் அதை நான் கேட்டதில்லை.

அம்மா வெளியே பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னார். “நான் போற மாதிரி எழுதியிருக்கலாம். என்ன சொல்லிக்கொண்டு உள்ள போறதெண்டாவது பார்த்திருப்பன்.”