கடைசி வாங்கைப் பார்க்கிறவர்

கலியாண அறிவித்தலை வாசித்து முடித்ததும் அமிர்தநாயகம் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். "தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும்" என்ற கடைசி வரியை மெதுவாக இறக்கி வைப்பார். தாளை இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் ஒருமுறை நீவுவார். பிறகு நாடியைத் தூக்கி, கோயிலின் கடைசி வாங்கில் இருக்கிற சனத்தைப் பார்த்தபடி மனதுக்குள் ஐந்து எண்ணுவார். ஐந்துக்குள் ஒருவரும் எழும்பாவிட்டால்தான் கண்ணாடி சட்டைப்பைக்குள் போகும்.

இருபத்திரண்டு வருடமாகப் பேசாலையில் ஞாயிறு பூசை இப்படித்தான் முடிகிறது. ஒருவரும் எழும்பியதில்லை.

கிழமை நாட்களில் அவர் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அங்கே அவர் ஒரு விலை சொன்னால் பத்துப் பேர் மறுத்துக் கத்துவார்கள். கோயிலில் மட்டும் ஒரு செருமல்கூட வருவதில்லை. யாருடைய கலியாணமும் குழம்பவேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. கேட்ட கேள்விக்கு ஒருநாளாவது ஒரு பதில் வரட்டும் என்பதுதான் ஆசை.

அந்த ஆசையில்தான் புதிதாக வந்த பங்குத்தந்தை கை வைத்தார்.

"அமிர்தம் அண்ணை, வாற மாசம் தொடக்கம் அறிவித்தலெல்லாம் திரையில போடுவம். இருபத்திரண்டு வருசமா ஒருத்தரும் ஒரு தடையும் சொல்லேல்லையாம். பிறகேன் கஷ்டப்பட்டு வாசிக்கவேணும்?"

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அன்ரோனெற் சோறும் சொதியும் அப்படியே கிடந்த கோப்பையைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, திரைக்கு உங்களைப்போல நாடி இல்லைத்தான். அதுக்குச் சொதி என்ன பாவம் செய்தது?"

இன்னும் இரண்டு ஞாயிறுதான் மிச்சம். முதல் ஞாயிறு கலியாணங்களோடு ஒரு கடிதமும் வாசிக்க வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதிகளை எப்படி நியமிப்பது, ஒவ்வொரு பிரதேசத்துக்கும் அதில் இடம் இருக்கவேண்டுமா, சனங்களிடம் எப்படிக் கருத்துக் கேட்பது என்று விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு மன்னார் ரவுணுக்கு வருகிறதாம். வியாழன் காலை ஒன்பது மணி. ஆளுக்கு மூன்று நிமிடம். வாசித்து முடித்த கையோடு தன் பெயரையே அவர் கொடுத்துவிட்டார். பங்குத்தந்தையும் போகவேண்டி இருந்ததால் இருவரும் ஒரே வாகனத்தில் போனார்கள்.

மண்டபத்தில் உயிலங்குளத்து யோகராசாதான் முதலில் எழும்பினார்.

"மன்னாருக்கெண்டு ஒரு நீதிபதி வேணும். வயல் தெரிஞ்ச ஆளா இருக்கவேணும். குளத்துத் தண்ணி வழக்கு விளங்காத ஆள் எங்களுக்கு என்னத்துக்கு?"

"வயல் தெரிஞ்சவருக்கு வலை தெரியுமோ?" என்றான் விடத்தல்தீவு மில்ரன். "கடற்கரை ஆள்தான் வேணும்."

"எந்தக் கடற்கரை, தம்பி?" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டார் சிலாவத்துறை வஸீர் நானா. "உங்கட பக்கமா, எங்கட பக்கமா?"

பத்து நிமிடத்துக்குள், இன்னும் நியமிக்கப்படாத அந்த ஒரேயொரு நீதிபதியைத் தலை உயிலங்குளத்துக்கு, வால் விடத்தல்தீவுக்கு, நடுமுறி சிலாவத்துறைக்கு என்று பாரை மீனைப்போலத் துண்டு போட்டுவிட்டார்கள். குழுத்தலைவி கீர்த்திகா மெடம் மணியை அடித்து அமிர்தநாயகத்தைக் கூப்பிட்டார்.

"மெடம், ஆள் எந்த ஊரெண்டாலும் இருக்கட்டும். பேரை முதல்ல எங்களுக்கு வாசியுங்கோ. மூண்டு ஞாயிறு கோயில்ல, மூண்டு வெள்ளி பள்ளிவாசல்ல, அம்மன் கோயில்லயும் வாசியுங்கோ. தடை தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும். ரெண்டு பேர் முடிக்கிற கலியாணத்துக்கே நாங்கள் அப்பிடித்தான் செய்யிறம்."

"நீங்கள் எவ்வளவு காலமா வாசிக்கிறீங்கள்?"

"இருபத்திரண்டு வருசம்."

"எத்தனை பேர் தடை சொன்னவை?"

மூன்றாம் வரிசையில் இருந்த பங்குத்தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தரும் இல்லை மெடம்."

"அப்ப அதால என்ன பிரயோசனம்?"

திரையைப் பற்றிச் சொன்னபோது பங்குத்தந்தை கேட்டதும் இதே கேள்விதான். ஒரு நிமிடம்தான் மிச்சம்.

"செய்து காட்டட்டோ?" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கோயில் குரலில் அமிர்தநாயகம் தொடங்கினார்.

"கொழும்பைச் சேர்ந்த திருமதி கீர்த்திகா அவர்களை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும்."

தாளை மடித்தார். நகத்தால் நீவினார். நாடியைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

ஒன்று. சிரித்துக்கொண்டிருந்த மெடம் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு. கையிலிருந்த பாதி பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். மூன்று. சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். நான்கு. லேஞ்சி எடுத்து நெற்றியை ஒற்றினார்.

"எனக்குத் தடை இருக்கு!"

வஸீர் நானா எழும்பி நின்றார்.

"ஒம்பது மணியெண்டு கடிதத்தில போட்டுட்டு இவங்க பத்தரைக்குத்தான் வந்தாங்க. எங்களுக்கு மூண்டு நிமிசம், இவங்களுக்கு ஒண்டரை மணித்தியாலமா?"

மண்டபம் கைதட்டியது. மெடத்துக்கு முகம் சிவந்தது. "உண்மைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குனிந்து எதையோ எழுதினார். மணி அடிக்க மறந்துபோனார்.

"கண்டனீங்களோ மெடம்? ஆரும் தடை சொல்லமுதலே நீங்கள் வேர்த்திட்டீங்கள். எங்கட மாப்பிள்ளையளும் இப்பிடித்தான் வேர்க்கிறவை. அதுதான் பிரயோசனம்." அமிர்தநாயகத்தின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடை, அதுவும் கோயிலுக்கே வராத சிலாவத்துறை ஆளிடமிருந்து!

திரும்பி வரும்போது வழியில் தோட்டவெளி தாண்டியதும் பங்குத்தந்தை திடீரென்று சிரித்தார்.

"திரையைப் பாத்து ஒருத்தரும் வேர்க்கமாட்டினம் அண்ணை. நீங்களே வாசியுங்கோ. திரைக்கு வைச்ச காசுக்குப் புது ஸ்பீக்கர் போடுவம்."

அமிர்தநாயகம் இன்னும் வாசிக்கிறார். ஒரு விஷயம் மட்டும் பிறகு, புது ஸ்பீக்கர் பூட்ட ஏணி வைத்து ஏறிய றெனால்ட் சொல்லித்தான் தெரியவந்தது. கடைசி வாங்குக்கு மேலே தொங்கிய பழைய ஸ்பீக்கருக்கு, பூட்டிய நாள் தொட்டு வயர் கொடுக்கவே இல்லை. வயர் கடையில் சுற்றிக் கொடுத்தபடி, ரப்பர் வளையத்தோடு பின்னால் அப்படியே இருந்தது. ஒரு சொல்லும் கேளாமல் அங்கே இருந்த சனம் இவ்வளவு காலமும், இந்த மனிசன் ஏன் கிழமைக்குக் கிழமை எங்களை முறைக்கிறார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்ததாம்.