காய்ந்த தொட்டி வரை வந்த கால்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இருந்ததே கிடையாது. எங்கள் ஊரில் ஆடி மாதம் யாராவது சாமி வந்து ஆடினால்கூட, இந்த ஆள் மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்றுதான் பார்ப்பேன். இதைச் சொல்ல எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். அதனால்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் மட்டும் சிரிக்காதீர்கள்.

சுனாமி வந்து போனதற்கு அடுத்த வருஷம். கூனிமேடு தாண்டி மரக்காணம் போகிற வழியில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருந்தது, பெயர் வேண்டாம். அதன் விளையாட்டு மையத்தில் திறந்தவெளி நீச்சல் குளம், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காலையில் வலை போட்டு இலை தழை அள்ளுவது, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, குளோரின் பவுடரைக் கரைத்து ஊற்றுவது, ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டு அழுக்கை வெளியேற்றுவது. அங்கே போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும் என்பதால் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து லாரி லாரியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து அந்தக் குளத்தை நிரப்பினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் உப்பளம். இந்தப் பக்கம் நீலக் குளம். நடுவில் வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நான். எங்கள் குடும்பத்தில் வேலைக்கு ஷூ போட்டுப் போன முதல் ஆள் நான்தான், அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் பாண்டிச்சேரி என்பேன்.

என் அத்தை குப்பம்மா, அப்பாவோடு பிறந்தவள், அந்த உப்பளத்தில்தான் உப்பு வாரினாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும் ஐ.டி.ஐ. படிக்க வைத்ததும் அவள்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவாமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள். உப்பு பாத வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் ராத்திரி முழுக்கத் தூங்க முடியாது. சுனாமியில் எங்கள் ஊர்க் கிணறு உப்பாகிப் போனது. குடிக்க மட்டும் லாரித் தண்ணீர் வரும், அதில் போய் யார் கால் கழுவுவார்கள்?

குளத்து வாசலில், இறங்குவதற்கு முன் கால் நனைக்க ஒரு சின்னத் தொட்டி உண்டு, கணுக்கால் அளவுதான் ஆழம். ஒருநாள் மத்தியானம் அத்தை கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏம்பா மூர்த்தி, காலு நெருப்பா எரியுதுடா. அந்தத் தொட்டியில ரெண்டு நிமிஷம் வச்சிகினு போயிடறேன்."

மத்தியானத்தில் பசங்க யாரும் வர மாட்டார்கள் என்பதால் உள்ளே விட்டேன். தொட்டித் தண்ணீரை மாற்றி, குளோரின் மருந்து கலக்காத தண்ணீர் பிடித்து வைத்தேன். காலை வைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் தினமும் வந்தாள். வந்தால் தொட்டியோடு சரி, குளத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அவள் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க என் கண் ஆபீஸ் பக்கமே இருக்கும்.

பயந்தது போலவே ஒருநாள் விளையாட்டுத் துறை டைரக்டர் வந்துவிட்டார். தொட்டியில் காலை வைத்திருந்த அத்தையைப் பார்த்துவிட்டு, யாருப்பா இது என்று கேட்டார்.

"தெரியலிங்க சார். உப்பளத்து ஆளு, தண்ணி கேட்டு வந்துட்டாங்க."

வாயில் இருந்து அது எப்படி அவ்வளவு லேசாக வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அத்தை ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு காலை வெளியே எடுத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"தெரியாம வந்துட்டேங்க. இந்த சாரைத் திட்டாதீங்க, அவரு போகத்தான் சொன்னாரு."

என்னை சார் என்றாள். சின்ன வயதில் எனக்குக் கால் கழுவிவிட்டவள்.

அதோடு அவள் வரவில்லை. கேட்டைப் பூட்டியே வைக்கச் சொல்லி டைரக்டர் உத்தரவு போட்டார், நானும் பூட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. நான் தங்கியிருந்தது அங்கேயே வேலைக்காரர் அறையில்; அத்தை வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மாதத்தில் அவளுக்கு இடது கால் வெடிப்பு புண்ணாகி, சீழ் வைத்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை இருந்தது அங்கே போய்த்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் போய்விட்டாள். டாக்டர் சர்க்கரையால் என்றார். எனக்குத் தெரியும் எதனால் என்று.

காரியம் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள். அடுத்த வாரம் போட்டி என்று குளத்தை மூடிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கால் தொட்டியையும் காலையிலேயே வடித்து, தேய்த்து, குழாயை அடைத்துவிட்டேன். கேட் பூட்டு, சாவி என் இடுப்பில். உச்சி வெயில், கழுவிவிட்ட தரை அஞ்சு நிமிஷத்தில் காய்ந்துபோனது. பம்ப் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மோட்டாரைப் போட்டேன். ஒரு இருபது நிமிஷம் இருக்கும். அந்த மோட்டார் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

வெளியே வந்தால் தரையில் ஈரக் கால்தடம்.

கேட்டிலிருந்து ஆரம்பித்து நேராகத் தொட்டிக்குப் போயிருந்தது. இடது காலில் சுண்டுவிரல் தனியாக ஒதுங்கிப் பதிந்திருந்தது. அத்தைக்கு உப்பு வாரும் பலகை விழுந்து ஒதுங்கிய விரல் அது, எனக்குத் தெரியாதா? கேட்டை ஆட்டிப் பார்த்தேன், பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் அந்தத் தடம் காய்ந்தது, ஆனால் மறையவில்லை, வெள்ளையாகப் பூத்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடை உப்பு இல்லை, உப்பளப் பாத்தியில் இருந்து அப்படியே எடுத்தால் பின்னால் ஒரு கசப்பு வருமே, அது. நல்ல தண்ணீர் மட்டுமே இருக்கிற இடத்தில் அது எப்படி வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

தடம் தொட்டியின் விளிம்போடு நின்றுவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். தொட்டியோ காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் டைரக்டர் சுற்றிப் பார்க்க வந்தார். தரையில் வெள்ளையாக இருந்ததைக் காட்டி, யாருப்பா உள்ளே வந்தது என்று கேட்டார். இந்தத் தடவையாவது என் அத்தைங்க என்று சொல்லியிருக்கலாம். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகிறார்.

"தெரியலிங்க சார்" என்றேன், இரண்டாவது தடவை.

பிறகு நானே பிரஷ் போட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். மறுநாளிலிருந்து, அடுத்த வருஷம் வேலையை விடுகிறவரை, தினமும் மத்தியானம் அந்தத் தொட்டியில் மருந்து கலக்காத நல்ல தண்ணீர் பிடித்து வைத்து, கேட்டைத் திறந்து போட்டேன். யாரும் வரவில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. தேய்க்கும்போதுதான் நானே கவனித்தேன். தடம் தொட்டியிலிருந்து நேராகக் கேட்டுக்குத் திரும்பவில்லை. பம்ப் ரூம் கதவுக்கு வந்திருந்தது. அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக நிறையத் தடம், கால் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் நின்றது போல. அதற்கப்புறம்தான் கேட்டுக்குப் போயிருக்கிறது. நான் உள்ளே மோட்டார் சத்தத்தில் இருந்தேன். வெளியே நின்று கூப்பிட்டாளா, தெரியாது. கூப்பிட்டிருந்தால் மூர்த்தி என்று கூப்பிட்டாளா, சார் என்று கூப்பிட்டாளா? இன்றைக்கும் எங்கேயாவது மோட்டார் ஓடினால் நான் போய் அதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.