‘விழவில்லை’ என்று சொல்லச் சொன்னேன்

நான் முன்பு சொன்ன ஒரு சாட்சியை நம் சபையாரில் பலர் கேட்டிருப்பீர்கள். 1933 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, என் மகள் ரூத்துக்கு ஆபரேஷன் நாள் கிடைத்துவிட்டது, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னீர்கள். ஆபரேஷன் அந்த வாரம் வியாழக்கிழமை. நடக்காத காரியத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே நன்றி சொல்லி முடித்துவிட்டேன். விசுவாசத்தோடு முன்கூட்டியே சாட்சி சொல்வது நம்மில் வழக்கம்தான். வழக்கத்தில் குற்றமில்லை, என்னிடத்தில்தான் இருந்தது. அந்தச் சாட்சியைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது ரூத்துக்கு ஏழு வயது. தொண்டையின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்து, மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். கஞ்சி இறங்காது. படுத்தால் மூச்சு அடைத்து அடைத்து வரும். அடுத்த மூச்சு வருமா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். சதையை அறுத்து எடுக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு முறை நாள் கொடுத்தார்கள். இரண்டு முறையும் காய்ச்சல் வந்து திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது நாளைக் கொடுக்கும்போது அங்கே நாள் எழுதும் கிராணி, இதுவும் தவறினால் இனி அடுத்த வருடம்தான் என்று சொல்லிவிட்டார்.

இப்படியிருக்க, அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளை விழுந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை ஓடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் பிள்ளைகள் எல்லாரும் அதைத் தாண்டிக் குதித்து விளையாடுவார்கள். நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சிமெண்டு விளிம்பில் பின்மண்டை பட்டுக் கிடக்கிறாள். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, “அம்மா, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளை அப்படிக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். விளக்கைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று சுருண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.

உண்மையைச் சொல்கிறேன். என் மனதில் முதலில் வந்தது பிள்ளையின் தலை அல்ல, வியாழக்கிழமை. நாள் தவறிவிட்டால் அடுத்த ஞாயிறு உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் யோசித்தேன். வாந்தி தொண்டையால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையில் புடைத்திருந்த இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். என் வீட்டுக்காரர் ரயிலில் ஃபயர்மேன். அன்று காலையே ஈப்போ லைனுக்குப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வாய் இல்லை. இருந்திருந்தால் அவரிடமும் மறைத்திருப்பேன்.

வியாழக்கிழமை காலையில் அந்தப் பற்றைத் தேய்த்துக் கழுவினேன். நாட்டு மருந்து போட்டதைப் பார்த்தால் துரை டாக்டர் திட்டுவார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நீங்களே அறிவீர்கள். தலை நிறைய எண்ணெய் வைத்து, இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு, புடைப்புக்கு மேலே பெரிய சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிக்‌ஷாவில் போகும்போது அவள் காதில் சொன்னேன்:

“கண்ணு, ஆஸ்பத்திரியில டிரெசர் கேட்டா விழுந்தேன்னு சொல்லாதே. சொன்னா ஆபரேஷன் செய்ய மாட்டாங்க. அப்புறம் உனக்கு எப்பவும் தொண்டை வலிக்கும்.”

தலையை ஆட்டினாள். ஆட்டும்போது வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். மயக்க மருந்து கொடுக்குமுன் பிள்ளைகளைச் சோதித்து எழுதுவது அவர் வேலை. அவசரப்படாத மனிதர். ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததோ, பல்லு ஆடுதோ, காலமை ஏதும் சாப்பிடக் குடுத்தனீங்களோ. எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னேன்.

“கிட்டடியில எங்கையாவது விழுந்து தலையில அடிபட்டதோ? சத்தி எடுத்ததோ?”

சத்தி என்றால் வாந்தி. எனக்குத் தெரியும். “இல்லீங்க ஐயா,” என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. பிள்ளையிடம் குனிந்து, “நீர் சொல்லும் பாப்பம், விழுந்தனீரோ?” என்றார்.

“நான் விழல,” என்றாள் ரூத். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

அவர் கை அவள் தலையைத் தடவியது. எண்ணெயும் பின்னலும் ரிப்பனும் அந்தக் கையை வழுக்கிக்கொண்டு போக வைத்தன. “வடிவாய்ப் பின்னியிருக்கு,” என்று சொல்லி, தாளில் கையெழுத்துப் போட்டார். பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். ஆபரேஷனை ஆசீர்வதியும் என்று ஆரம்பித்தேன். மேலே போக முடியவில்லை. ‘நான் விழல’ என்ற அவள் குரல்தான் காதில் நின்றது. கடைசியில், “ஆண்டவரே, நான் பொய் சொல்லிவிட்டேன். பிள்ளையையும் சொல்லவைத்தேன். அவளை எடுத்துக்கொள்ளாதேயும்,” என்று மட்டும் சொன்னேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை, தரிசனமும் வரவில்லை. ஆனால் என் கால் எழுந்துவிட்டது. அதுவரை நகராமல் கனத்துக் கிடந்த கால். அதைத்தான் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆபரேஷன் அறைக் கதவைப் போட்டுத் தட்டினேன். தோட்டி ஒருவர் வந்து, “அக்கா, இங்கே நிக்கக்கூடாது, போங்க,” என்று மறித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு கத்தினேன்.

“செவ்வாக்கிழமை விழுந்தா ஐயா. வாந்தி எடுத்தா. பின்மண்டையில வீங்கியிருக்கு. நான்தான் பொய் சொன்னேன்.”

உள்ளே குளோரோபாம் வாசனை அடித்தது. முகமூடியை முகத்தில் வைத்து மருந்து சொட்டத் தொடங்கியிருந்தார்கள். கத்தி இன்னும் படவில்லை. டிரெசர் டாக்டரிடம் இங்கிலீஷில் என்னவோ வேகமாகச் சொன்னார். டாக்டர் பிள்ளையின் முகத்திலிருந்து முகமூடியை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அந்தக் கொஞ்ச மருந்துக்கு அரை மணி நேரத்தில் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அன்று முழுவதும் விழிக்கவில்லை. டிரெசர் அடிக்கடி வந்து கண் இமையைத் தூக்கி வெளிச்சம் காட்டிப் பார்ப்பார், நாடி பிடிப்பார், எழுதிக்கொள்வார். ஒருமுறை கேட்காமலே சொன்னார்: “தலை அடிபட்ட பிள்ளைக்கு இந்த மருந்தைக் குடுத்தா, மருந்தால நித்திரையோ அடியால நித்திரையோ எண்டு எங்களுக்குத் தெரியாது அம்மா. மூச்சு நிண்டாலும் நிக்கும். அதுக்குத்தான் கேக்கிறனாங்கள்.”

நடுநடுவே ரூத் முனகினாள். என்ன சொல்கிறாள் என்று குனிந்து கேட்டேன். “நான் விழல, நான் விழல.” நினைவு தப்பிய நிலையிலும் நான் சொல்லிக்கொடுத்ததைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். டிரெசரும் அதைக் கேட்டார், நாடியை எழுதிக்கொண்டு போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் ரயிலை விட்டிறங்கிக் கரிச் சட்டையோடு நேரே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“விழுந்தான்னு சொன்னா யாரு உன்னைத் தின்னப்போறாங்க?” என்றார். கட்டிலின் பக்கத்தில் என் அருகே முழங்கால் போட்டார். “ஆண்டவரே, எங்களை எப்படி வேணும்னாலும் செய்யும். பிள்ளையைப் பாரும்,” என்று ஜெபித்தார். நானும் அதையே சொன்னேன். அன்று மத்தியானம் ரூத் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள்.

ஆண்டவருக்கு நான் அப்போது சொன்ன நன்றியை யாருக்கும் கேட்கும்படி சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டிரெசர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “இப்ப சொல்லும் பிள்ளை, விழுந்தனீரோ?” என்று மெதுவாகக் கேட்டார். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எதைச் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.

“விழுந்தேன்னு சொல்லு கண்ணு,” என்றேன்.

“விழுந்தேன்,” என்றாள்.

பல வாரம் தலைவலி இருந்தது. மூன்று மாதம் கழித்து, எல்லாம் சோதித்துப் பார்த்து, அதே டிரெசர் கையெழுத்துப் போட, ஆபரேஷன் நல்லபடி நடந்தது. அடுத்த வருடம்தான் என்று நான் பயந்த அந்த வருடம் வந்தே விட்டது, அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இப்போது அவள் மூச்சு சீராக இருக்கிறது. ஆனால் சபையில் கேட்டவர்களிடமெல்லாம் நான் ‘தேவகிருபையால் முடிந்தது’ என்று மட்டும் சொல்லி நான்கு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அருமையான தாய்மாரே, பிள்ளையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்குமுன் விழுந்தாளா என்று கேட்டால், விழுந்ததைச் சொல்லுங்கள். லேசாகப் பட்டது என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். ஒரு நாளைக் கொடுத்த ஆண்டவருக்கு இன்னொரு நாளைக் கொடுக்கத் தெரியும். நம் சாட்சியைக் காப்பாற்றிக் கொடுக்க நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவரை நம்புங்கள். என் போன்றவளின் ஜெபத்தையே கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.

இன்னும் ஒன்றுக்கு உங்கள் ஜெபம் வேண்டும். ரூத்துக்கு இப்போது பதினொரு வயது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்க்கிறாள். போன வாரம் ஞாயிறு பள்ளி ஆசிரியை, உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டார். அதற்கும் பார்த்தாள். பிள்ளையைத் தாரும் என்று கேட்டேன், தந்தார். அந்தப் பார்வையை அவளிடமிருந்து எடுத்துப்போடும் என்று நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் எனக்காகக் கேளுங்கள்.