மூணு மணி போட்டுக்கு நான் போட்ட சைபர்

நடுக்கடலில் உங்களுக்கு வியர்த்திருக்கிறதா? எனக்குப் போன வாரம் வியர்த்தது.

நடுக்கடல் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் தீவில் சாத்தம் படகுத்துறையிலிருந்து, அதாவது ஜெட்டியிலிருந்து, எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃபிளாட் போகிற துளிக் கடல்தான். போட்டில் ஏறி, பைக்குக்கு ஸ்டாண்ட் போட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் தக்காளி விலையைப் பற்றிப் புலம்பி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். காற்றோ அள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் நின்றுகொண்டு சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வியர்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும். என்னிடம் இருக்கிறது.

காரணம், கையில் இருந்த ஒரு தாள். அந்தத் தாளில் நானே போட்ட டேபிள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பாம்பூஃபிளாட்டிலிருந்து சாத்தம் வருகிற போட்டை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதில் ஆளே ஏறுவதில்லையாம். என் மனைவி விஜயா அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்று மணி போட்டில்தான் வீடு திரும்புகிறாள். அதை விட்டால் ஐந்து மணி போட். அதையும் விட்டால் தரை வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிற பஸ். கண்ணுக்கு எதிரே தெரிகிற ஊருக்கு, காடு மேடெல்லாம் தரிசித்துவிட்டு வந்து சேர வேண்டும்.

"அந்த போட்டை எடுத்துட்டாங்கன்னா நான் வர்றப்ப இருட்டிடும். ராத்திரிச் சமையல் இனிமே உங்க டிபார்ட்மென்ட்," என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லலைங்க. டெய்லி இப்படி அலைய என் முழங்காலுக்கு முடியாது. டிரான்ஸ்ஃபர்தான் கேக்கணும்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை எந்த ஜன்னல் பக்கம் உட்காரும் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். அதை விட்டு வருவதென்றால் சும்மாவா? அதற்கப்புறம் நான் ஜோக் அடிக்கவில்லை. அதாவது, அன்றைக்கு அடிக்கவில்லை.

எங்கள் பயணிகள் சங்கத் தலைவர் காசி அண்ணன் களத்தில் இறங்கினார். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, சுனாமிக்குப் பிறகு பாம்பூஃபிளாட்டுக்கு வந்தவர். அவர் பேசினால் போட்டின் ஹாரன் கொஞ்சம் வெட்கப்படும்.

"என்னாய்யா இது அநியாயம்! ஆளு இல்லையாமில்ல, ஆளு! போட்டெல்லாம் பாத்துக்குற ஆபீஸர் மேடம் மீட்டிங் போடுறாங்க. நாமளே கணக்கெடுத்துக் காட்டுவோம். ஒவ்வொரு போட்டுக்கும் எத்தன பேரு ஏறுறான்னு ஆளுக்கு ஒரு நாள் நின்னு எண்ணுங்க. யாரு டேபிள் போடுறது?"

என் கை மேலே போனது. ஏன் போனது? இன்று வரை எனக்கும் அந்தக் கைக்கும் இது பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சில வாரங்கள் எண்ணினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாக் காகிதங்களும் ஒரு பிளாஸ்டிக் பையில் என் வீட்டுக்கு வந்தன. பிரித்துக் கொட்டினேன். ஒருவர் அழகாக நாலு கோடு கிழித்துக் குறுக்கே ஒரு கோடு போட்டு எண்ணியிருந்தார். இன்னொருவர் பைக்குகளை மட்டும் எண்ணியிருந்தார். மனிதர்கள் மேல் என்ன கோபமோ. ஒரு தாளில் மீன் வாசம். ஒரு தாளில், எண் இருக்க வேண்டிய இடத்தில், "நல்ல கூட்டம்" என்று இருந்தது. அடுத்த நாளுக்கு, "பரவாயில்லை."

பரவாயில்லையை எந்தக் கட்டத்தில் போடுவது, சொல்லுங்கள்?

ஒவ்வொருவராக போன் போட்டுக் கேட்டு எண்ணிக்கையை வாங்கினேன். அப்புறம் ஆரம்பித்தது என் கலை. முதல் டேபிளில் ஆண், பெண், பள்ளிப் பிள்ளைகள், பைக், ஆட்டோ, வானிலை, எண்ணியவர் பெயர் என்று கட்டங்களாகப் போட்டுத் தள்ளினேன். தலைப்பு எழுத இடமில்லாமல் எழுத்துகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். படிக்கிறவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டால் போயிற்று!

காசி அண்ணன் வந்து பார்த்தார்.

"என்னா தம்பி இது, மீன் வலையா?"

"டேபிள் அண்ணே."

"இதுல மூணு மணி போட் எங்க இருக்கு?"

தேடினேன். எனக்கே கிடைக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த போட்டில் எத்தனை பேர்? அதற்கு இத்தனை கட்டம் எதற்கு? எல்லாவற்றையும் தூக்கினேன். இடது பக்கம் கீழ்நோக்கி நாள்கள். மேலே வரிசையாக போட் புறப்படும் நேரங்கள். கடைசி வரியில் சராசரி. தலைப்பில், பாம்பூஃபிளாட்டிலிருந்து சாத்தம் வரும் பயணிகள் எண்ணிக்கை. அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமாக நான் எதையும் அடுக்கியதில்லை. என் அலமாரி சாட்சி.

ஒரே ஒரு குறை. மூன்று மணிக்குக் கீழே அங்கங்கே சில கட்டங்கள் காலியாக இருந்தன. பல் விழுந்த வாய் மாதிரி. பார்க்கவே சகிக்கவில்லை. காலி என்றால் என்ன? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால்? சைபர். போட்டேன். பற்கள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன.

"ஃபஸ்ட் கிளாஸ்!" என்றார் காசி அண்ணன். போனில் படம் எடுத்து, கும்பிடுகிற கையோடு மேடத்துக்கு அனுப்பியும் விட்டார். செய்வன திருந்தச் செய்கிறாரோ இல்லையோ, உடனே செய்வார்.

மறுநாள் பாம்பூஃபிளாட்டில் மீட்டிங். நாற்காலி போட ஆள் வேண்டும் என்று என்னை முன்னாலேயே வரச் சொல்லியிருந்தார். விஜயாவோடு காலை போட்டில் ஏறினேன். பெருமையாக டேபிளை எடுத்து நீட்டினேன். டீச்சர் இல்லையா... சிவப்புப் பேனாவைத் தேடுகிற பார்வையோடு வாங்கினாள்.

"மூணு மணிக்கு சராசரி ஏன் இவ்ளோ கம்மி?"

"அதுதான் எனக்கும் புரியலை."

விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த வெள்ளிக்கிழமை சைபரா?"

"ஆமா. யாரும் வரலை போல."

"யாரும் வரலையா? நான் வந்தேன்! நர்ஸுங்க வந்தாங்க, காலேஜ் பசங்க வந்தாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு ஜெட்டில நின்னோம். போட்தான் வரலை! வேற எங்கேயோ ஒரு போட் கெட்டுப்போச்சுன்னு இதை அங்க அனுப்பிட்டாங்க. எப்பவும் மூணு மணி போட்டைத்தானே தூக்குவாங்க!" தாளை மடக்கினாள். "தொப்பலா நனைஞ்சு நின்ன பொண்டாட்டியை சைபர்னு போட்டிருக்கீங்க. பேஷ்."

மற்ற சைபர்களையும் அவளிடம் காட்டிக் கேட்டேன். எல்லாமே போட் ஓடாத நாள்கள். ஓடாத போட்டில் எவன் ஏறுவான்? ஓடாத நாளையும் சேர்த்து வகுத்து, மூன்று மணி போட்டின் சராசரியைப் பாதாளத்துக்குத் தள்ளியிருக்கிறேன். ஆளே ஏறுவதில்லை என்று அவர்கள் வாயால் சொன்னதை, நான் கட்டம் போட்டு நிரூபித்திருக்கிறேன்!

வியர்த்தது அப்போதுதான்.

வேறு இடமாக இருந்தால் ஓடியிருப்பேன். போட்டில் எங்கே ஓடுவது? இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பி வரைக்கும் ஓடினேன். திரும்பி வந்தேன். போட்டைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பேனாவை எடுத்து, மீட்டிங்கில் கொடுக்கக் கொண்டுவந்த பிரதிகளைக் கைப்பிடிக் கம்பி மேல் வைத்து சைபர்களை அடித்துக் கோடு போட ஆரம்பித்தேன். காற்றுக்கு அதுதான் வேண்டியிருந்தது போல. பாதிப் பிரதிகள் கடலுக்குள் போயின. மீன்களுக்காவது விவரம் தெரியட்டும்.

"டென்ஷன் மத் லோ," என்றாள் விஜயா. எங்கள் ஊரில் ஆறுதல் எப்போதும் ஹிந்தியில்தான். "போட் ஓடலைன்னு நேரா சொல்லுங்க. நடுவுல ஜோக் அடிச்சுத் தொலைக்காதீங்க." அக்கரை வந்ததும் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீட்டிங்கில் மேடம் போனிலேயே என் டேபிளைத் திறந்து வைத்திருந்தார். அதாவது, பழைய டேபிளை.

"யே ஜீரோ க்யா ஹை? ஆப் லோக் ஹீ லிக்கே ஹைங் கி கோயி நஹீ சட்தா." நீங்களே யாரும் ஏறுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்கிறார். நியாயம்தானே?

எழுந்து நின்றேன். எனக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்குத் தண்ணீர் மட்டும்தான் வந்தது, நெற்றியிலிருந்து. அது ஜீரோ இல்லை மேடம், போட் ஓடாத நாள், என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"ப்ரூஃப்?"

ப்ரூஃப்! போட் வராததற்கு என்ன ப்ரூஃப் காட்ட? வராத போட்டைப் படம் எடுக்க முடியுமா? கை தன்னால் பாக்கெட்டுக்குப் போனது. போன். விஜயா! போட் வராத ஒவ்வொரு தடவையும் ஜெட்டியில் நின்றபடி எனக்கு வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்புவாளே... தேதியோடு, நேரத்தோடு!

தேடி எடுத்தேன். மேடத்திடம் நீட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "நா படிக்கிறேன், குடு," என்று போனைப் பிடுங்கிக்கொண்டார் காசி அண்ணன்.

அந்த விநாடியில் தெரிந்தது, நான் செய்தது எப்பேர்ப்பட்ட தவறு என்று.

"வெள்ளிக்கிழம, மேடம்," என்று ஹால் அதிர ஆரம்பித்தார். "'இன்னைக்கும் மூணு மணி போட் இல்ல. ஜெட்டில ஒரே கூட்டம். நீங்க வீட்ல காலை நீட்டிப் படுத்திருப்பீங்க. எந்திரிச்சு மாடில துணியை எடுங்க.'" அதை அப்படியே ஹிந்தியிலும் சொன்னார். காலை நீட்டியதை நடித்தே காட்டினார்.

"அண்ணே, போட் விஷயம் மட்டும் போதும்ணே..."

"எவிடென்ஸ்ல கை வைக்கக் கூடாது தம்பி." அடுத்ததற்குப் போனார். "'அஞ்சு மணி போட்ல நிக்க எடமில்ல. குக்கர்ல அரிசி வைங்க. தண்ணியும் ஊத்தணும். போன தடவை ஊத்தல.'" பிறகு மேடம் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, "பிச்லி பார் பானி நஹீ டாலா, மேடம்."

ஹாலே சிரித்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு, "ஔர் கப்டா? உட்டாயா?" என்று என்னைக் கேட்டார். துணியை எடுத்தாயா என்று.

"நஹீ, மேடம்," என்றேன். அரசு அதிகாரியிடம் பொய் சொல்லக் கூடாது.

சிரிப்பு அடங்கியதும் மேடம் தேதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எங்கெல்லாம் நான் சைபர் போட்டிருந்தேனோ அங்கெல்லாம் விஜயாவின் திட்டு இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. அப்புறம் அவரே இன்னொன்றைக் காட்டினார். அந்த நாள்களில் எல்லாம் பக்கத்துக் கட்டத்தில், ஐந்து மணி போட்டில், கூட்டம் திடீரென்று வீங்கியிருந்தது. மூன்று மணிக்கு ஏற வேண்டியவர்கள்தான்! நான் போட்ட டேபிள்தான். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஓடிய நாள்களை மட்டும் எடுத்து அங்கேயே வகுத்துப் பார்த்தார்கள். மூன்று மணி போட் காலை போட்டுக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது.

"சலேகா," என்றார் மேடம். ஓடும். காசி அண்ணன் விசிலடித்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். காலிக் கட்டத்தைக் கண்டால் நமக்கு ஏன் இப்படிக் கை பரபரக்கிறது? தெரியாது என்பதும், நடக்கவில்லை என்பதும், இல்லை என்பதும் வேறு வேறு சங்கதி. மூன்றுக்கும் சேர்த்து ஒரு முட்டையைப் போட்டுவிட்டால் டேபிள் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளிச்சில் ஒரு ஜெட்டி நிறைய மனிதர்கள் காணாமல் போவார்கள்.

அன்று விஜயா மூன்று மணி போட்டில்தான் வந்தாள். மீட்டிங் கதை அவளுக்கு முன்னாலேயே கடலைத் தாண்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு தம்ளரில் டீ போட்டாள். டிரான்ஸ்ஃபருக்கு எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு தம்ளரை என் பக்கம் தள்ளினாள். அதை மன்னிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று நல்ல காற்று. மூன்று மணி போட் ஓடவில்லை. போன் சிணுங்கியது.

"மதிப்புக்குரிய ஐயா, இன்று மூன்று மணி போட் இயக்கப்படவில்லை. காரணம்: பலத்த காற்று. காத்திருக்கும் பயணிகள்: மிகப் பலர். தாங்கள் நேரில் சென்று பால் பாக்கெட் வாங்கி வைக்கத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, விஜயா. நகல்: காசி அண்ணன்."

வாங்கிவிட்டேன். போட்டோ எடுத்து இருவருக்கும் அனுப்பியாயிற்று.